சிவக்கக் கூடாத ஸ்லைடு

வீட்டுக்கு வந்த விருந்தாளி போன வாரப் பத்திரிகையைக் கையோடு கொண்டுபோய்விட்டார் என்று குறைப்படுகிறவர்களுக்காக, முன்கதை நாலு வரியில். உக்கடத்தில் இருக்கும் கிருபாவின் தம்பி கௌதமனுக்கும் பொள்ளாச்சிப் பெண் பொற்கொடிக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. பொற்கொடிக்கு விடாத இருமல். டிபி லேப்பில் டெக்னீஷியனாக இருக்கும் கிருபாதான், "எதுக்கும் சளி டெஸ்ட் குடுத்துரு கண்ணு" என்றாள். சளி டப்பா அவளுடைய லேப்புக்கே வந்தது. டிபி இருக்கிறது என்று ரிசல்ட். கிருபா வீட்டில் வாயைத் திறக்கவில்லை. மறைத்துக் கல்யாணம் செய்துகொள்ள மனசில்லாமல் பொற்கொடியே வந்து எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். அன்றிலிருந்து கிருபாவின் அம்மா மாசாணியம்மாள் அந்தப் பெண்ணின் பேரையே எடுப்பதில்லை. கௌதமன் அவளுக்குப் போன் செய்வதில்லை.

கிருபாவின் கணவன் வேலுமணி லாரி ஓட்டுகிறவன். இந்த வாரம் முழுக்க நாக்பூர் பக்கம் இருக்கிறான். அவனைத் தேட வேண்டாம்.

திங்கட்கிழமை காலை. இட்லித் தட்டுக்கு முன்னால் மூன்று பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா முழுசாத் தீர்ந்துபோற நோவும்மா அது" என்றாள் கிருபா. இதை அவள் லேப்பில் ஊர்ப்பட்ட பேருக்குச் சொல்லியிருக்கிறாள். வீட்டில்தான் எடுபடவில்லை.

"தீரட்டும் கண்ணு. நான் வேண்டாம்னா சொன்னேன்? தீந்தபொறகு பேசிக்கலாம்."

"நீ என்னடா சொல்றே?"

கௌதமன் சட்னியில் விரலை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பம்ப் செட் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். நூல் அளவு பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறிந்துவிடுவான் என்று அங்கே அவனுக்கு நல்ல பேர். "அம்மா சொல்றதும் ஒரு வகையில…" என்று ஆரம்பித்து, மிச்சத்தை இட்லியோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

இந்தப் பையனை நினைத்தால் எழுதுகிற எனக்கே எரிச்சல் வருகிறது. கிருபாவுக்கு எப்படி இருந்திருக்கும்! தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் சீட்டுக்கு அடியிலிருந்து சீல் வைத்த பெட்டியை எடுத்து நீட்டினார். பொள்ளாச்சியிலும் வால்பாறை எஸ்டேட் பக்கத்திலும் வாங்கிய சளி டப்பாக்கள் அதில் வரும். முன்பெல்லாம் இதற்கென்றே ஒருவர் பைக்கில் போய்க் கொண்டுவந்தார். நிதி குறைந்தபோது அவர் வேலைதான் முதலில் போனது.

அவரோடு நிற்கவில்லை. கிருபாவோடு வேலை செய்த டெக்னீஷியன்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதாமாதம் வெளியிலிருந்து ஒருவர் வந்து, பார்த்து முடித்த ஸ்லைடுகளில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உருவி எடுத்துப் போய் மறுபடி பார்ப்பார். லேப் தப்புச் செய்கிறதா என்று பிடிக்கிற ஆள் அவர். அவரும் வருவதில்லை. லேப்பை நடத்தும் அறக்கட்டளையின் சென்னை ஆபீஸிலிருந்து வரும் கடிதங்களில் மட்டும் 'தரத்தில் சமரசம் கூடாது' என்ற வரி தவறாமல் இருந்தது.

தரத்தைக் காப்பாற்ற மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வழக்கம். நோயாளிகளின் ஸ்லைடுகளோடு, நோயே இல்லாத ஒருவரின் சளி தடவிய ஸ்லைடு ஒன்றையும் சேர்த்துச் சாயம் ஏற்றுவார்கள். டிபி கிருமி இருந்தால் மைக்ரோஸ்கோப்பில் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். இந்த ஸ்லைடு மட்டும் சிவக்கவே கூடாது. சிவந்தால் கோளாறு நோயாளியிடம் இல்லை, லேப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

தினமும் செய்ய வேண்டிய வேலை அது. ஆள் இல்லாமல் போனபின் திங்கட்கிழமைக்கு மட்டும் என்றாகிவிட்டது.

இன்று திங்கள். கிருபா அந்த ஸ்லைடைப் பொருத்திக் குனிந்து பார்த்தாள்.

சிவப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். நீலத்தில் அங்கங்கே மெல்லிய சிவப்புக் குச்சிகள். தன் கைதான் எங்கேயோ பிசகிவிட்டது என்று நினைத்து, புதிதாக ஒன்றைத் தயார் செய்தாள். அதிலும் சிவப்பு.

"ரவி!"

உதவியாளர் ரவிக்குமார் வாளியோடு வந்து நின்றான். கௌதமனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அதே தெரு.

"ஸ்லைடு கழுவுற கேன்ல என்ன தண்ணி ஊத்தறே?"

"டிஸ்டில்டு வாட்டர் தீந்துபோச்சுங்கக்கா. சென்னையில கேட்டதுக்கு அடுத்த மாசம் பாக்கலாம்னுட்டாங்க. போன வாரமே உங்ககிட்டச் சொன்னேனுங்களே? 'கொழாயில வர்றது சிறுவாணித் தண்ணிதானே, அதையே புடிச்சு வெய்யி'ன்னீங்க."

சொல்லியிருந்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கோயம்புத்தூர்க்காரர்களிடம் எதைக் குறை சொன்னாலும் கேட்டுக்கொள்வார்கள். சிறுவாணித் தண்ணீரை மட்டும் சொல்லக் கூடாது. வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குள் கால் வைத்ததும் காப்பிக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, "குடிச்சுப் பாருங்க, எப்படி இருக்குது?" என்று முகத்தையே பார்ப்பார்கள். அந்தத் தண்ணீரால் ஒரு கெடுதல் வரும் என்று கிருபாவுக்குத் தோன்றவே இல்லை. ரவிக்குமாருக்கும் தோன்றவில்லை. இதே ஊர்க் கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்த, லேப்புக்குப் பொறுப்பான டாக்டர் சாயிரா பானுவிடம் ஒரு வார்த்தை கேட்டபோது அவரும், "சிறுவாணி தானே" என்று தலையாட்டிவிட்டார்.

தண்ணீரின் மேல் தப்பில்லை. குடிக்க அது அமிர்தம்தான். ஆனால் மேல்மாடித் தொட்டியிலும் பழைய குழாயிலும் ஒருவகைக் கிருமி குடியிருக்கும். யாரையும் ஒன்றும் செய்யாது. சாயம் ஏற்றினால் மட்டும் டிபி கிருமி மாதிரியே சிவந்து நிற்கும். கிருபா படித்தபோது முதல் வருஷமே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"கீழ பேட்டரிக் கடையில டிஸ்டில்டு வாட்டர் விப்பாங்க. ஓடிப் போய் ஒரு கேன் வாங்கிட்டு வா."

ரவி வாங்கி வந்த தண்ணீரில் கழுவிய புது ஸ்லைடை எடுத்துப் பார்த்தாள். சுத்தமான நீலம். ஒரு சிவப்புப் புள்ளி இல்லை.

அப்போது அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். 'பொற்கொடிக்கு இல்லாமல் இருக்கலாம்!' அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கம் வந்தது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. போன வாரம் 'டிபி இருக்கிறது' என்று இந்த அறையிலிருந்து போன ஒவ்வொரு ரிசல்ட்டும் இப்போது சந்தேகம்.

டாக்டர் சாயிரா பானு இரண்டு ஸ்லைடையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன செய்யலாங்கிறீங்க கிருபா?"

"எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லோணுங்க மேடம். புதுசாச் சளி வாங்கிப் பாக்கோணும்."

"நாளைக்குச் சென்னை ஆபீஸிலிருந்து வெங்கடபதி சார் வர்றாரு. இந்த லேப்பை வெச்சுக்கலாமா, மூடலாமான்னு பாக்கத்தான் வர்றாரு. மூடறதுக்கு நாமளே காரணத்தை எடுத்துக் கையில குடுக்கறோம். தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"மூடிட்டா வால்பாறையிலிருந்து வர்ற டப்பா எங்க போகும்? எத்தனை நாள் கழிச்சு ரிசல்ட் வரும்? அதுவரைக்கும் அந்த ஆளு எஸ்டேட் லயன் வீட்டுல பிள்ளை குட்டியோட இருமிக்கிட்டுத்தானே இருப்பாரு?"

டாக்டர் சொன்னது உண்மை.

"இன்னொண்ணும் யோசிங்க. நெசமாவே டிபி இருக்கறவங்க, 'டெஸ்ட்டே தப்பாம்'னு மாத்திரையைத் தூக்கி எறிஞ்சுட்டா? அப்புறம்…" டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க ஊட்டுக்கு வரப்போற பொண்ணும் அந்த லிஸ்ட்ல இருக்கா. தம்பி கல்யாணத்துக்காக டெஸ்ட்டையே தப்புன்னு சொல்லிப்போட்டான்னு உங்களைத்தான் பேசுவாங்க."

"பேசட்டுங்க மேடம். பொற்கொடி ஸ்லைடை நான் தொட மாட்டேன். நீங்களே கழுவி நீங்களே பாருங்க." கிருபா ரிசல்ட் நோட்டை டாக்டர் முன்னால் விரித்து வைத்தாள். "மத்தவங்களை நெனச்சுப் பாருங்க. நம்ம காயிதத்தை நம்பி யாரோ வேலைக்குப் போகாம உக்காந்திருப்பாங்க. யாரோ ஒரு அம்மா பெத்த பிள்ளையைத் தொடாம தனியாப் படுத்திருப்பாங்க. அது தொட்டித் தண்ணியில இருந்து வந்ததுன்னு தெரிஞ்சப்பறமும் நாம பேசாம இருந்தா, நாளைக்கு லேப்பு தொறந்திருந்து என்னங்க பிரயோசனம்?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அந்தத் தண்ணிக்கு நானும்தான் தலையாட்டுனேன். நடந்ததை எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலாம். நாளையிலிருந்து அந்த ஸ்லைடு தெனமும் போடணும். ஆள் இல்லைன்னா நான் உக்காந்து போடறேன்."

போன் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. கிணத்துக்கடவில் டெம்போ ஓட்டுகிற ஒருவர், "அப்ப எனக்கு இல்லீங்களா!" என்று கத்தியே விட்டார்.

"இல்லைன்னு சொல்லலீங்க. தெரியலைன்னு சொல்றேன். மாத்திரையை நீங்களா நிறுத்திப்போடாதீங்க. நாளைக்குப் புதுசாச் சளி குடுங்க."

"தெரியலையா? ஏனுங்க, தெரிஞ்சுக்கத்தானே உங்ககிட்ட வந்தோம்?"

இன்னொரு பெண் திட்டித் தீர்த்தாள். எஜமானி வீட்டில் அவளை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்களாம். கிருபா முழுக்கக் கேட்டுவிட்டு, அவளையும் புதுசாகச் சளி கொடுக்க வரச் சொன்னாள்.

பொற்கொடிக்கும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. பிறகு, "மத்தியான பஸ்ஸுக்கு வாரேனுங்க" என்றாள் பொற்கொடி.

டாக்டர் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அங்கே இன்னொரு மெஷின் இருக்கிறது. ஸ்லைடு, சாயம் ஒன்றும் வேண்டாம். சளியை ஒரு கார்ட்ரிட்ஜில் ஊற்றி வைத்தால், கிருமி இருக்கிறதா, மருந்துக்குக் கட்டுப்படுமா என்று இரண்டு மணி நேரத்தில் அதுவே சொல்லிவிடும். கார்ட்ரிட்ஜ் வரத்துதான் நின்றுபோய்விட்டது.

"ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. பொற்கொடிக்குப் போட்டுரலாமா? சந்தேகமே இல்லாமத் தெரிஞ்சுரும். நான்தானே சொல்றேன், உங்க மேல பேச்சு வராது."

கிருபா பஸ்ஸில் வந்த பெட்டியைத் திறந்தாள். அதில் வால்பாறையிலிருந்து ஒரு சின்னக் குழந்தையின் டப்பா இருந்தது. குழந்தைகளுக்குச் சளியில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பெரும்பாலும் சிக்காது. மெஷின்தான் கண்டுபிடிக்கும்.

ஆசை இல்லாமல் இல்லை. அந்த ஒரு கார்ட்ரிட்ஜைத் தம்பிக்காக எடுத்துக்கொள்ள அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"பொற்கொடிக்கு ஸ்லைடே போதுங்க மேடம். இது இந்தக் குழந்தைக்கு" என்று டப்பாவை எடுத்து நீட்டினாள்.

மத்தியானம் மாடிப்படி அதிர யாரோ ஓடி வந்தார்கள். கௌதமன்.

"அக்கா! டெஸ்ட் தப்பாமே!"

"யாரு சொன்னது?"

கௌதமன் திரும்பிப் பார்த்த திசையில் ரவிக்குமார் அவசரமாக வாளியைத் தூக்கிக்கொண்டு மறைந்தான். பாவி, சந்தோஷம் தாங்காமல் நண்பனுக்குப் போன் போட்டிருக்கிறான். நோயாளி விஷயம் லேப் வாசலைத் தாண்டக் கூடாது என்று அவனுக்குத் தெரியாதா? கிருபாவுக்கு ஆத்திரமாக வந்தது.

"தப்புன்னு யாரும் சொல்லலை. தெரியலைன்னுதான் சொன்னோம்."

"அம்மா ஒரே சந்தோஷத்துல இருக்குது. மண்டபத்துக்காரருகிட்ட மறுபடி பேசலாங்குது. நானும் பொற்கொடிக்குப் போன் பண்ணிப்போட்டேன்!"

"என்ன சொன்னா?"

கௌதமன் முகம் கொஞ்சம் வாடியது. "பஸ்ல இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சுட்டா."

அவன் போகவில்லை. கீழே படிக்கட்டோரம் நின்றான். பொற்கொடி மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள். அவனைப் பார்த்துத் தலையை அசைத்தாள், பேங்கில் பார்த்துப் பழகியவருக்கு அசைக்கிற மாதிரி. நிற்காமல் மேலே ஏறிவிட்டாள்.

சளி எடுக்க மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். நல்ல வெயில், நல்ல காற்று. எதிரே உக்கடம் பெரிய குளத்துத் தண்ணீர் பளபளவென்று கண்ணைக் கூச வைத்தது. டப்பாவை மூடிக் கொடுத்துவிட்டுப் பொற்கொடி சுவரோரம் நிழலில் நின்றாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்க."

நிச்சயம் ஆன நாளிலிருந்து 'அண்ணி' என்று கூப்பிட்டவள். கிருபாவுக்குச் சுருக்கென்றது.

"கேளு கண்ணு."

"ரிசல்ட்டை எனக்கு மட்டும் சொல்லுங்க. உங்க ஊட்டுல யாருக்கும் சொல்ல வேண்டாம். நல்லபடியா வந்தாலும் சொல்ல வேண்டாம்."

"நல்லபடியா வந்தாச் சொன்னா என்ன அம்மணி?"

"அப்பறம் நீங்க சொல்லாம இருந்தாலே கெட்டதுன்னு தெரிஞ்சுருமுங்களே?" பொற்கொடி சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்து தடுத்தது. "நான் நர்சரி ஸ்கூல்ல டீச்சருங்க. பிள்ளைங்ககிட்டப் போக வேண்டாம்னு லீவு போடச் சொன்னாங்க. அதுல நியாயம் இருக்குது, எனக்கு வருத்தம் இல்லை. ஆனா உங்க தம்பி ஒரு தரம் போன் பண்ணி, 'மாத்திரை சாப்பிட்டியா'ன்னு கேட்டிருக்கலாம். போன்ல தொத்தாதுங்களே அக்கா? இன்னைக்கு டெஸ்ட் சந்தேகம்னு தெரிஞ்சதும் பஸ் கிணத்துக்கடவு தாண்டறதுக்குள்ள கூப்பிடறாரு. அவருக்கு வேண்டியது நானா, ரிசல்ட்டான்னு எனக்குத் தெரியலை. எனக்கு டிபி இருந்தா ஆறு மாசத்துல தீர்ந்துரும். இதைத் தெரியாமக் கட்டிக்கிட்டா காலம் பூராத் தீராது."

கிருபாவுக்கு அழுகை வந்தது. அழுதாள். அதை மறைக்கவும் இல்லை. "யாருக்கும் சொல்ல மாட்டேன் கண்ணு" என்றாள்.

சாயங்காலம் டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் சிவக்கக் கூடாத ஸ்லைடைப் பார்த்து, சிவக்கவில்லை என்று எழுதினார். பிறகு பொற்கொடியின் ஸ்லைடை எடுத்தார். நேரம் எடுத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிருபாவிடம் கொடுத்தார்.

கிருபா மொட்டை மாடிக்குப் போய்ப் பொற்கொடிக்குப் போன் செய்தாள்.

என்ன வந்தது என்று உங்களுக்கும் நான் சொல்லப்போவதில்லை. வாக்கு வாக்குத்தான்.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. கிருபா செருப்பைக் கழற்றுவதற்குள் மாசாணியம்மாள் வந்து முகத்தைப் பார்த்தாள். வால்பாறை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பிள்ளைகளை வளர்த்தவள். மகள் முகத்தில் எதையும் படித்துவிடுவாள். இன்று ஒன்றும் படிக்க முடியவில்லை.

"என்ன கண்ணு வந்துச்சு?"

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. பொற்கொடி வேண்டாம்னு சொல்லிருக்கா."

"நம்மகிட்டச் சொல்றதுக்கு என்ன? நாம அந்நியமா?"

"இத்தனை நாளா அவளை அந்நியமாத்தானே வெச்சிருந்தீங்க?"

மாசாணியம்மாள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கௌதமன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அக்கா, சுத்தி வளைக்காதே. இருக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு. தெரிஞ்சா இப்பவே பொள்ளாச்சிக்குப் போறேன்."

கிருபா தம்பியைப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனையோ பேரிடம் பக்குவமாகப் பேசியவள். இவனிடம் பக்குவமாகப் பேச அவளுக்குத் தெம்பு மிச்சமில்லை.

"தெரிஞ்சாத்தான் போவேன்னா, நீ போகவே வேண்டாம் கௌதமா. அவ அதுக்குத்தான் சொல்ல வேண்டாம்னா."

கோபப்படுவான் என்று கிருபா எதிர்பார்த்தாள். படவில்லை. அவன் காது மடல் இரண்டும் சிவந்தன. மெதுவாக ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்தான்.

"எங்கடா?" என்றாள் மாசாணியம்மாள்.

"பொள்ளாச்சிக்கும்மா."

"என்ன ஏதுன்னு தெரியாமயா?"

"தெரியாமத்தாம்மா போகோணும்."

அவன் வாசலைத் தாண்டிவிட்டான். மாசாணியம்மாள் அடுப்பை அணைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டினாள்.

"நில்லுடா, நானும் வாரேன்."

கிருபா திடுக்கிட்டுப் போனாள். "நீங்க எதுக்கும்மா? அங்க வந்து அவளை என்ன கேக்கப்போறீங்க?"

மாசாணியம்மாள் பைக்கில் ஏறி உட்கார்ந்து, மகன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை உங்கிட்டச் சொல்ல முடியாது. அது எனக்கும் அந்தப் பொண்ணுக்கும்தான்" என்றாள்.